நல்ல இலையாகப் பார்த்து

மார்கழி 18, வெள்ளி.

எங்கள் களமருதூர் வயலில் நெல்லுக்குக் குலைநோய். கதிர்கள் கழுத்தொடிந்து பதராக நிற்கின்றன. இனி மருந்தடித்தும் பயனில்லை.

வாராவாரம் வெள்ளியன்று நெல் இலையைப் படமெடுத்துப் போனிலுள்ள பயிர்ச் செயலிக்கு அனுப்பினால், மருந்து தேவையா என்று அதுவே சொல்லிவிடும். அந்த வேலையை என் மனைவி செல்வியிடம் விட்டிருந்தேன். எப்போதும் ‘பயிர் நலம், மருந்து வேண்டாம்’ என்றே பதில் வந்தது.

இன்று அந்தப் படங்களைப் பார்த்தேன். ஓர் இலையில்கூட நோய்ப்புள்ளி இல்லை.

“எந்த இலைய எடுத்த?” என்றேன்.

“போட்டோன்னா நல்லா இருக்கறதத்தானங்க எடுப்பாங்க? புள்ளி வுழுந்தத ஒதுக்கிட்டுதான் எடுத்துக்கினு இருந்தேன்.”

 எதை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவேயில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கேட்டாள்: “இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, இன்னாத்தங்க எடுத்து அனுப்பறது?”