கமக்கட்டில் இரண்டு பற்றரி

மனுரேவா,
ஒக்லாந்து.
யூலை 14

அன்பின் மச்சான் சுலக்ஷன்,

நீ நலமாக இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நீ அனுப்பிய வீடியோவிலேயே தெரிகிறது. என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

வீட்டில் பிரசாந்திக்கு இருமல் குறைந்துவிட்டது. பென்ரோஸ் ஸ்டோரில் எனக்கு இன்னும் காலை ஷிப்ட்தான். இங்கே குளிர் என்ற பெயரில் மழை பெய்கிறது. பனி கொட்டும் குயீன்ஸ்ரவுனுக்கு வேலை மாற்றம் கிடைத்தவன் நீ. கொடுத்து வைத்தவன்.

உன் ட்ரோன் எடுத்த ஏரியும் வெள்ளை மலையும் அழகுதான். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது முதல் ஐந்து வினாடியை. ட்ரோன் மேலே எழும்பும்போது கீழே பனியில் நீ நிற்கிறாய். பக்கத்தில் நிற்கும் மனிதர் மிச்சப் பற்றரியைத் தன் ஜாக்கெற்றுக்குள் செருகுகிறார். நீ எழுதுகிற நிதின் அவர்தானே?

அது என் வேலையடா! குளிர்ந்த பற்றரி பாதிச் சார்ஜிலேயே ட்ரோனை விழுத்திவிடும் என்று, ஆறு குளிர்காலம் அவற்றைக் கமக்கட்டுக்குள் வைத்து அடைகாத்தவன் நான். ரூவாப்பேகு மலைப்பக்கப் பண்ணைக்கு ஐந்து மணிநேரம் கார் ஓடிப் போய், ஒருநாளாவது ரிமோட்டைத் தா என்று கேட்டேனா? நீ திரையைப் பார்ப்பாய், நான் வானத்தைப் பார்ப்பேன். எனக்கு அதுவே காணும்.

மூன்றாவது வீடியோவில் ட்ரோன் பனிக்குள் விழுந்தது, நிதின் பற்றரியை இரவு முழுக்கக் காரிலேயே விட்டதால்தான் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, பாவம், பழகிவிடுவார் என்கிறாய். ஒருமுறை நான் அப்படி மறந்தபோது, திரும்பி வரும் வழியில் ஹமில்டன் தாண்டும்வரை நீ என்னோடு கதைக்கவில்லை. ஞாபகம் இருக்கிறதா?

என்னிடமுள்ள இரண்டு பற்றரியையும் அவருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டாய். எரிச்சலோடுதான் பெட்டியில் கட்டிக் கூரியர் கடைக்குக் கொண்டுபோனேன். தனிப் பற்றரியை எடுக்கமாட்டோம், விமானத்தில் போகிற ஆள் கைப்பையில் கொண்டுபோகலாம் என்றாள் அங்கிருந்த பிள்ளை. அவளுக்கு மூன்று தரம் நன்றி சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

வீட்டில் வந்து சொன்னபோது பிரசாந்தி சிரித்துவிட்டாள். "சின்னப்பிள்ளை மாதிரிப் பொறாமைப்பட்டுக்கொண்டு இருக்காதேங்கோ. ஒருக்காப் போயிட்டு வாங்கோவன்" என்றாள். அன்றைக்கே விமான ரிக்கற் எடுத்துவிட்டேன்.

வெள்ளி மத்தியானம் வந்து இறங்குவேன். நிதினை நான் சுகம் கேட்டதாகச் சொல். நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஞாயிறு முழுக்க அவரோடு ட்ரோன் பறக்கவிடு. சனிக்கிழமை மட்டும் அவரை வரச்சொல்லாதே, மச்சான். பற்றரி சூடாக இருக்கும்.

பனியில் வழுக்காமல் நட. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்
கேதீஸ்வரன்