நாகலூருக்குப் போகாத மூன்று ஞாயிறுகள்

இன்று அலமாரியை ஒழித்தபோது ஒரு சில்வர் டம்ளர் கிடைத்தது. அடியில் நீ ஆணியால் கீறிய எண், பதினேழு. நம் ஆய்வில் மிஞ்சியது.

நடத்தைப் பொருளாதாரம் என்று ஒன்று இருப்பதே அப்போது நம் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனிதர்கள் லாபம் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்களா என்று சோதிக்க, எம்.ஃபில். ஆய்வுக்காக இருவரும் மலைமேல் இருக்கும் உன் ஊரான நாகலூருக்கே போனோம். காப்பி எஸ்டேட்டில் வேலைசெய்யும் பெண்களில் பாதிப் பேருக்கு டம்ளர், மற்றவர்களுக்கு சோப்பு டப்பா. சற்று நேரம் கழித்து, "மாத்திக்கிறீங்களா?" என்று கேட்டாய். ஒருத்தியும் மசியவில்லை. காப்பிப்பழக் கூடையோடு நின்ற ஒரு அம்மா டம்ளரை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஏனுங்க, குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களே, நல்லாவா இருக்குது?" என்றார். நீ சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது.

"கைக்கு வந்ததுமே அது அவங்க ஊட்டுப் பொருளாயிருது. இதத்தான்டி நாம பக்கம் பக்கமா எழுதப்போறோம்" என்றாய்.

அந்த மழைக்காலத்தில்தான் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. படிப்பை விட்டு வீட்டோடு இருந்துவிட்டாய். நான் சேலத்தில் என் வீட்டில் உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதினேன். "ஒரு ஞாயித்துக்கிழமை வாடி. பேசணும்போல இருக்குது" என்று கார்டு போட்டாய். அத்தியாயம் முடியட்டும் என்று பதில் எழுதினேன். அடுத்த கார்டுக்கு, டைப்படிக்கக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். மூன்றாவது ஞாயிறு பஸ் நிலையம்வரை வந்து, மழை வலுத்ததும் திரும்பிவிட்டேன். மனிதர்கள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதுதான் நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த அத்தியாயம். எனக்கு உறைக்கவே இல்லை.

நான் மலையேறி வந்தபோது உன்னை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரான உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நொம்ப எதிர்பாத்தா கண்ணு. பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காந்துக்குவா."

திட்டியிருக்கலாம். காப்பி போட்டுக் கொடுத்தார்.

பட்டம் வாங்கினேன். அந்தப் பாடத்தையே நடத்திப் பிழைக்கிறேன். தள்ளிப்போடுவதற்குப் பிள்ளைகள் உதாரணம் கேட்டால் பல்வலி, உடற்பயிற்சி என்று ஏதாவது சொல்லிவைப்பேன். உன்னைச் சொன்னதில்லை.

ஒன்றை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். யாராவது 'வா' என்றால் அன்றைக்கே கிளம்பிவிடுவது. உன்னைப்போல் கூப்பிடத்தான் ஆளில்லை.