பாறையில் விழுந்த கோடுகள்

போன இடத்திலும் யாரையாவது அதட்டிக்கொண்டிருக்கும் என் சரசுவுக்கு,

நம் பூங்கொடி இமயமலைக்குப் போய் வந்துவிட்டாள். பனியாறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "அவ என்ன படிக்கோணும்னாலும் படிக்கட்டுமுங்க" என்று படுக்கையில் கிடந்தபடி என்னிடம் சத்தியம் வாங்கினாயே, அது அவளை அத்தனை உயரத்துக்குக் கொண்டுபோகும் என்று நினைத்தாயா?

அவள் கொண்டுவந்த ஃபிலிம் ரோலை நம்மூர் ராயபுரம் ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து வாங்கினேன். பாறைப் படங்கள் எல்லாவற்றிலும் நீளநீளமாகக் கோடு, ஒரே திசையில். பனியன் துணியில் இப்படிக் கோடு விழுந்தால், நிட்டிங் மெஷினில் ஊசி போய்விட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் நல்லூரில் மெஷின் ஓட்டியவன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்? "புள்ளையோட ஆராய்ச்சிப் படத்தையெல்லாம் கீறிப்போட்டீங்களே!" என்று ஸ்டுடியோக்காரரோடு சண்டைக்கே போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பூங்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். "படம் நல்லாத்தானுங்கப்பா இருக்குது. கோடு பாறையிலதான் கிடக்குது."

பனியுகத்தில் அங்கே மலை மலையாகப் பனி கிடந்ததாம். தன் கனத்திலேயே அது மெல்ல நகர்ந்து இறங்குமாம். அடியில் ஒட்டிய கற்கள் பாறையைக் கீறிக்கொண்டே போகுமாம். ஒடுக்கமான பள்ளத்தாக்கை அகலத் தோண்டிவிட்டு, வாரிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் உருகிய இடத்தில் கரை கரையாகப் போட்டுவிடுமாம். "பனி உருகிப் போயிருச்சுங்கப்பா. ஆனா எந்தத் திசையில நகந்துச்சுன்னு இந்தக் கோட்டை வச்சுச் சொல்லீரலாமுங்க."

நம் பிள்ளையா இது, சரசு? மறுநாள் ஸ்டுடியோக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்ட கையோடு, கடையில் நின்ற அத்தனை பேருக்கும் படத்தைக் காட்டி விளக்கமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரம் உன் அண்ணன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். வேலம்பாளையத்தில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள். பையனும் நல்ல பையன்தான். பெண் பார்க்க வந்த பையனின் அம்மா படங்களைப் புரட்டிவிட்டு, "கல்யாணத்துக்கப்புறம் மலையேறறதெல்லாம் வேண்டாமுங்க. ஊட்டோட இருந்தாப் போதும்" என்றார்.

"அதுக்கென்னங்க, நிறுத்திக்கலாமுங்க" என்று உன் அண்ணன் முந்திக்கொண்டார். பூங்கொடி என்னைப் பார்த்தாள். அவள் ஆராய்ச்சி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அடுத்த வருஷம் மறுபடி போயாக வேண்டும்.

உன் அண்ணன் எதிரில் நான் என்றைக்கு வாய் திறந்திருக்கிறேன்? அன்றைக்குத் திறந்தேன்.

"அவ வேலைய நிறுத்தமாட்டாளுங்க. அதுக்குச் சம்மதம்னா மேக்கொண்டு பேசலாமுங்க. இல்லீன்னாத் தப்பா நினைக்காதீங்க, காப்பி குடிச்சுட்டுப் போங்க."

குடித்துவிட்டுப் போனார்கள். உன் அண்ணன் மட்டும் குடிக்காமல் போனார்.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருக்கிறது. அவளை நினைத்து நிறைய, என்னை நினைத்தும் கொஞ்சம். டம்ளர்களை எடுத்துக்கொண்டே பூங்கொடி கேட்டாள், "அம்மா இருந்திருந்தா என்னங்கப்பா சொல்லியிருப்பாங்க?"

"காப்பியே குடுத்திருக்கமாட்டா கண்ணு" என்றேன்.

இனி எந்தச் சம்பந்தம் வந்தாலும், முதலில் இதைப் பேசி முடித்துவிட்டுத்தான் அடுப்பில் பால் வைப்பேன். இது உறுதி, சரசு.

பூங்கொடியின் அப்பா,
உன் வீட்டுக்காரன்.