விடுபட்ட பதினொரு வீடுகள்

கல்லடி,
டிசம்பர் 21.

அன்பு மகள் றூபினிக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும் சுகம். மெல்பேர்னில் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே சுகமாயிருக்கக் காலைதோறும் மன்றாடுகிறோம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. மழை இன்னும் விடவில்லை, பாலத்துக்குக் கீழே வாவி கலங்கலாக ஓடுகிறது. போனில் நீ ஒரு வார்த்தை உரத்துச் சொன்னாலே நான் சரி மகள் என்று வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கோபம். யார்மேல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் சபையில் பதினொரு குடும்பங்கள் ஆவணியில் வாவிக்குள் இறங்கி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தது உனக்குத் தெரியும். குழந்தையில் எடுத்ததே போதும் என்பதுதான் இன்றும் என் எண்ணம். ஆனால் அதன்பிறகு நடப்பதைப் பார். எங்கள் ஆட்கள் அவர்களை வாவிக்காரர் என்கிறார்கள், அவர்கள் எங்களைத் தெளிச்ச தண்ணிக் கூட்டம் என்கிறார்கள். ஒன்றாகத் திருவிருந்து எடுத்தவர்கள் மீன் சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். நத்தார் கரோல் போகும் வீடுகளின் பட்டியலை முப்பது வருடமாக நான்தான் எழுதுகிறேன், லொறி திரும்பி வரத் தேவையில்லாதபடி ஒழுங்கை ஒழுங்கையாக, ஐம்பத்தேழு வீடு. இம்முறை சபைச் செயலாளர் நிலோஜன் வந்து, அந்தப் பதினொண்டையும் விடுங்க சேர், நாப்பத்தாறு காணும் என்றார். நான் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவனுக்குச் சொன்னதை எழுதுவதுதானே பழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, கோடு போட்டு, இலக்கமிட்டு, வடிவாக எழுதிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தியில் காத்தான்குடி மஜீட் வழக்கம்போலத் தன் லொறியைக் கொண்டுவந்தார். நான் முன்னால் பட்டியலோடு இருந்தேன். சுலோஜனா ரீச்சர் வீடு வந்ததும், யாரும் சொல்லாமலே மஜீட் பிரேக் போட்டுவிட்டார், அத்தனை வருடப் பழக்கம். நிலோஜன் பின்னாலிருந்து தகரத்தில் தட்டி, விடுங்க மஜீட் நானா, அது வாவிக்காரர்ர வீடு என்றார். மஜீட் என்னைப் பார்த்து, என்ன சேர், ரீச்சர்ட பேர் விடுபட்டுப் போச்சா, அவவுக்கும் உங்களுக்கும் ஒரே நத்தார்தானே என்று கேட்டார். நான் கண்ணாடியைத் துடைத்துப் பட்டியலில் தேடுவதுபோல நடித்தேன். விறாந்தையில் மேசை விரித்து, கேக்கும் பயற்றம் உருண்டையும் வைத்து, ரீச்சர் படலையடியில் கையசைத்தபடி நின்றா. லொறி போய்விட்டது. பிரிவினை என்றால் சத்தம் போடுகிறவர்கள் செய்வது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன் மகள். அன்றைக்கு அது என் கையெழுத்தில் இருந்தது.

அடுத்த நாள் அந்தியில் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் தனியாக நடந்தேன். என் குரல் உனக்குத் தெரியும். நாலாவது வீட்டில், தண்ணிக்குள்ள இறங்கினாத்தான் உள்ள வரலாம் என்று கதவைச் சாத்தினார்கள். அவர்களுக்கும் வெட்கமில்லை. சாத்திய கதவுக்கு முன்னால் நின்று மூன்று சரணமும் பாடிவிட்டே வந்தேன். ஆனால் முதலில் போனது ரீச்சர் வீட்டுக்குத்தான். பட்டியல் எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவ சிரித்து, உங்கட எழுத்துத்தானே சேர், பிழை விட்டாலும் வடிவா விடுவியள் என்றா. பிறகு, றூபினி சபை வாட்ஸ்அப் குறூப்பில போட்டத என்ர பேரன் எனக்குக் கேக்கப் போட்டான், பிள்ளைட குரல் இப்பவும் நல்லா இருக்கு என்றா. போனவங்க போகட்டும், சபை சுத்தமாகும் என்று நீ பேசி அனுப்பியதைத்தான் அவ கேட்டிருக்கிறா. உனக்குப் பாடச் சொல்லிக் கொடுத்தவ அவ. அந்தக் குரலில் அவவைக் குப்பை என்று சொல்ல உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நானாகவும் இருக்கலாம், வீட்டில் ஒருநாளும் எதிர்த்துப் பேசாமல் இருந்தே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

இன்று ஆராதனை முடிந்ததும், ஐம்பத்தேழு வீட்டையும் எழுதிய பட்டியலைக் கையொப்பமிட்டு அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். இனி இந்த வேலை வேறு ஆளுக்கு என்று நிலோஜன் சொல்லிவிட்டார். கொடுக்கட்டும். ஆனால் பாட்டுப் புத்தகம் என்னுடையது.

இது உன் கையில் கிடைக்கும்போது நத்தார் முடிந்திருக்கும், பரவாயில்லை. அங்கே இப்போது வெயில்காலம், அதற்காக ஏசிக்கு முன்னால் பிள்ளைகளை வெறும் மேலோடு விடாதே. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காத்து, உங்கள் நாவுக்குச் சாந்தம் தருவாராக. மறக்காமல் ரீச்சருக்குப் போனில் ஒரு கோல் எடு, விளக்கமெல்லாம் சொல்லாதே. பேச வராவிட்டால் அவ சொல்லித்தந்த பாட்டின் முதல் அடியைப் பாடு, இரண்டாவதை அவ எடுப்பா.

என்றும் உனக்காக மன்றாடும்
அப்பா,
தே. அழகரத்தினம்