ஐந்தாவது கருவி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் எழுதச் சொல்லவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். நம்பாவிட்டால் அத்தையிடம் கேள். உன் முகவரியைக் கொடுத்தவளும் அவள்தான். மாலை வகுப்பில் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. முப்பத்தொரு வருடம் லிஃப்டில் பொத்தான் அழுத்தியவனுக்கு எண் மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது பேருந்துப் பலகை, சோப்பு உறை எதையும் விடுவதில்லை. மருத்துவர் கையெழுத்து மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இந்தக் கடிதத்தை நேற்றுக் காலை ஆரம்பித்தேன்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததை அத்தை சொல்லியிருப்பாள். வலது கை கொஞ்சம் தேறியிருக்கிறது. பேச்சுதான் வரவில்லை. ஆனால் நீ இணையத்தில் வாங்கிக் கணினியில் ஏற்றிக் கொடுத்தாயே, அந்தப் பாட்டுகளைப் போட்டால் வரி தவறாமல் கூடவே பாடுகிறாள். பாட்டு வழியாகத்தான் பேச்சு திரும்பும், ஒரு நாளும் விடாதீர்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கணினி இப்போது இழுத்துக்கொண்டு கிடக்கிறது. பழுது பார்க்கும் அம்மாள் புதிய கணினி ஒன்றுக்குப் பாட்டுகளை மாற்றிப் பார்த்தார். ஒன்றுகூடப் பாடவில்லை. ஐந்து கருவிகளுக்குத்தான் அனுமதி, ஐந்தும் நிரம்பிவிட்டன என்று திரையில் வந்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்டேன்.

"திருடனுக்குப் போட்ட பூட்டுங்க. மாட்டிக்கிறது வாங்கினவங்கதான்" என்று சிரித்தார்.

ஐந்தில் ஒரு கருவியை மட்டும் எடுக்க உன் கடவுச்சொல் வேண்டுமாம். ஐந்தையும் மொத்தமாக நீக்க அது வேண்டாம், ஒரு பொத்தான் போதுமாம். நீ மறுபடி சேர்த்துக்கொள்வாய், தைரியமாக அழுத்துங்கள் என்றார். அழுத்து என்றால் அழுத்தியே பழகிய விரல் என்னுடையது, பொத்தான் வரை போய்விட்டது. ஆனாலும் இத்தனை படித்துவிட்டு, திரையில் இருந்த அந்த ஐந்து கருவிகளின் பட்டியலைப் படிக்காமல் விட மனசு வரவில்லை.

எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். அம்மா கணினி. அலுவலகம். கைப்பேசி. பழைய கைப்பேசி. கடைசியில், பாப்பா அறை. அதன் பக்கத்தில், கடைசியாகப் பாடியது இன்று காலை ஏழு மணி.

தப்பாகப் படித்துவிட்டேனோ என்று அவரையும் படிக்கச் சொன்னேன். அதேதான்.

கையை எடுத்துவிட்டேன். நான்கு வருடத்துக்கு முன் உன்னை வெளியே போ என்று சொன்ன வாய் இது. அதையே இன்னொரு தடவை விரலால் சொல்ல மாட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். எந்தப் பாட்டு என்பதுபோல் கணினியைக் காட்டினாள். தெரியவில்லை என்றேன். அன்று எல்லாப் பாட்டையும் வரிசையாகப் போடவைத்துப் பாடினாள். குரலை நன்றாகத் தாழ்த்தி, பிள்ளை தூங்கும் வீட்டில் பாடுவதுபோல்.

பழைய கைப்பேசி உனக்குத் தேவையில்லை என்றால் அதை எடுத்துவிடு. பாப்பா அறையைத் தொடாதே. இந்தக் கணினி இன்னும் இரண்டு வாரம் தாங்கும் என்கிறார் அந்த அம்மாள்.

மருமகளை நான் விசாரித்ததாகச் சொல். அந்த வார்த்தையை இன்றுதான் முதல்முறை எழுதுகிறேன். பாப்பா ஆணா பெண்ணா, என்ன பெயர் என்று ஒரு வரி போடு. பெரிய எழுத்தாகப் போடு. மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் படித்துவிடுவேன்.

மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா