வெள்ளிக்கிழமை வலி

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
12 செப்டம்பர் 1936

அன்புள்ள மச்சானுக்கு நஜ்முன்னிசாவின் ஸலாம். பினாங்கில் உங்களை நோய்நொடி அண்டாமல் அல்லாஹ் காத்து வருகிறான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

காவிரியில் நல்ல தண்ணீர். மாமி நலம். நீங்கள் அனுப்பிய சீனக் குடையை யாருக்கும் இரவல் தருவதில்லை, எனக்கும்தான்.

உங்கள் அத்தாவின் இடக்கை வலி பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பட்டறையில் கல் ஒட்டிய குச்சியைச் சாணைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிப்பது அந்தக் கைதானே. பட்டை தீட்டுகிறவருக்குக் கை வலிக்காமல் காலா வலிக்கும் என்று நாங்கள் எல்லாரும் இருந்துவிட்டோம். எலும்பு வைத்தியர் பிச்சமுத்து வந்து முட்டை வெள்ளைக்கரு தடவிக் கட்டுப் போட்டார். "சக்கரத்தைத் தொடாதீங்க பாய், தானா சரியாயிடும்" என்று சொல்லிப் போனார்.

போன திங்கட்கிழமை அத்தர் கடைக்காரர் மனைவி வஹீதா வந்திருந்தாள். "உங்க மாமா வெள்ளிக்கிழமையானா எங்க கடை வாசல்ல நின்னு எல்லாக் குப்பியையும் மோந்து பாக்குறாரு. ஒரு சொட்டு வாங்கினதில்ல. எங்க வீட்டுக்காரர் இனிமே மோந்து பாக்கக் காசுன்னு பலகை மாட்டப் போறாராம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகு அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. அன்று சக்கரமே இல்லை. தலைப்பாகை கட்டுவதில் நேரமாகி, ஜும்மா தொழுகைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவார். பாதி வழியில் அத்தர் கடை. மாமியிடம் மெல்லக் கேட்டேன். "வேகமா நடந்தா கை உள்பக்கம் சுண்டுவிரல் வரைக்கும் இழுக்குதாம், நின்னா விட்டுடுதாம். வெளியில சொல்லாதேன்னாரு" என்றார். நடப்பது கால். வலிப்பது கையா?

மாமாவிடம் மன்றாடி டாக்டரை வீட்டுக்கே வரவழைத்தோம். மார்பில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். கட்டை அவிழ்த்துப் போடச் சொன்னார். நோவு கையில் இல்லை, இருதயத்தில் என்றார்.

நான் திரைக்குப் பின்னாலிருந்து, அப்படியென்றால் கை ஏன் வலிக்கிறது என்று கேட்டுவிட்டேன். டாக்டர் கோபிக்கவில்லை. இருதயத்தின் நரம்புகளும் கையின் நரம்புகளும் முதுகுத்தண்டில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனவாம். மூளைக்குக் கை நாள்தோறும் பழக்கம். இருதயத்தை அது அறியாது. அதனால் வந்த வலியைத் தெரிந்தவன் பெயரில் எழுதிக்கொள்கிறதாம். பித்தப்பை கெட்டால் சிலருக்கு வலத்தோள் வலிக்குமாம். மச்சான், உள்ளே இருப்பவற்றுக்குச் சொந்தமாக ஒரு வாய் இல்லை என்று அன்றுதான் அறிந்தேன்.

மாமா மட்டும், "கை என்னுது, வலி என்னுது. பேரு வெக்க மட்டும் டாக்டரா? இந்தப் புள்ள புஸ்தகம் படிச்சுப் படிச்சு எனக்கு வியாதி தேடிக் குடுத்திருக்கு" என்றார். ஆனாலும் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நேற்றுக் குதிரை வண்டியில் ஜும்மாவுக்குப் போனார்.

அன்று டாக்டர் போகும்போது எங்களைத் தனியே அழைத்து, இனிக் கவனமாக இருக்க வேண்டும், வெளியூர்ப் பிள்ளை இருந்தால் வந்து பார்த்துப் போகட்டும் என்றார்.

"அவனுக்கு எழுதாதே, பயந்துடுவான்" என்பது மாமாவின் கட்டளை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, நாகப்பட்டினத்துக்கு அடுத்த கப்பல் எப்போது வருகிறது என்று கேட்டார். கல் சரக்கு விஷயமாம். அதனால்தான் கட்டளையை மீறி எழுதுகிறேன்.

இந்த மாதக் கடைசியில் கடை முதலாளி இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போடாதீர்கள் மச்சான். கிடைக்கிற கப்பலில் ஏறுங்கள்.

கடலும் காற்றும் உங்களுக்கு இணக்கமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். அத்தாவைப் பார்க்க வாருங்கள் என்றே எழுதியிருக்கிறேன். எழுதத் தெரிந்தது அவ்வளவுதான். அதை என் பெயருக்கும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நஜ்முன்னிசா