காட்டு இஞ்சியின் பூ

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நான் நல்லாத்தான் இருக்கேன். நீ கேட்கமாட்டே, அதனால நானே சொல்லிட்டேன். போன் பண்ணினா எடுக்கவும் மாட்டே. கோழி கிண்டின மாதிரி எழுதியிருக்கேன், கண்ணாடி போட்டுப் படி.

அம்மா வீட்டு மரத்தடியில படர்ந்திருந்த காட்டு இஞ்சியில ஒரு கிழங்கு கேட்டதுக்கு, வேலியோரத்துல எதையோ தோண்டிக் கொடுத்தே. இத்தனை வருஷமாப் பூவே காணோம். நீ போலியைக் கொடுத்துட்டதா நினைச்சு உன்மேல ஆத்திரத்தை ஆறவிடாம வச்சிருந்தேன். உன் மகன் கல்யாணத்துக்குப் போன்லயே அழைச்சு முடிச்சியே, அதையும் சேர்த்துத்தான்.

போன வாரம் ஒரு கொத்தை மண்ணோட பெயர்த்து நர்சரிக்காரர்கிட்டக் காட்டினேன். "குனிஞ்சு பார்த்தீங்களா பாட்டி?"ன்னு இலையைத் தூக்கினார். அடியில, மண்ணோட ஒட்டிக்கிட்டு, கருஞ்சிவப்பா, வாய் திறந்த சின்னக் குடுவை மாதிரி பூ! வருஷா வருஷம் பூத்திருக்கும்ங்கிறார். சரி, நீ கொடுத்தது அசல்தான்.

ஆனா நான் எழுதறது அதுக்கில்ல. வாசனைதான் இஞ்சியாம், செடி வேற குலமாம். நிழல்ல நட்டு அழகு பார்க்கலாம், வாயில மட்டும் வைக்கக்கூடாதாம். சிறுநீரகத்தை அரிச்சுடுமாம். அம்மாவுக்குக் காய்ச்சிக் கொடுத்த அதே சட்டியில நீயும் தினம் அந்தக் கிழங்கைத் தட்டிப் போட்டுக் கஷாயம் குடிக்கிறே. உனக்குக் கால் வீங்குதுன்னு உன் மருமக சொன்னா. இன்னைக்கே நிறுத்து. டாக்டர்கிட்டப் போ.

உன் அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சது. அம்மாவோடதுன்னு என்கிட்ட மிஞ்சினது அந்த மரத்தடிதான். சருகு பரப்பி, வெயில் படாம, பச்சைப் புள்ள மாதிரி வளர்க்கிறேன். அதுவும் உனக்குப் பொறுக்கலையா?

ஒண்ணு கேட்கிறேன். அம்மா கடைசியில எப்படி இருந்தாங்க? காலும் முகமும் வீங்கி. "கூடவே இருந்து என்னடி பார்த்தே"ன்னு பொணத்துக்கு முன்னாடி, அத்தனை பேர் மத்தியில கேட்டே. இப்ப எழுதியிருக்கிறதுக்கும் அதுதானே அர்த்தம்? அம்மாவுக்குத் தினம் காய்ச்சிக் கொடுத்தது யாரு? சுத்தி வளைக்காம எழுது. உனக்குத்தான் எதுவுமே மறக்காதே.

டாக்டர்கிட்டப் போகலை. கஷாயத்தையும் விடலை. விட்டா, நான்தான் அம்மாவைக் கொன்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி.

தங்கச்சி


மார்ச் 19

அடியே,

என்னைத் திட்டு, வேண்டாம்ங்கலை. சட்டியை அடுப்புல இருந்து இறக்கிட்டுத் திட்டு.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதான். சின்ன வயசுல என் ரிப்பனை நீ கிணத்துல போட்டே. நீல ரிப்பன். பொணத்துக்கு முன்னாடி நான் கேட்டதும் ஞாபகம் இருக்கு. நான் கேட்டப்ப, அம்மா காலுக்கு ஒத்தடம் கொடுத்த துணி உன் கையில இன்னும் ஈரமா இருந்துச்சு. அதுவும்.

வெள்ளிக்கிழமை வர்றேன், ரெண்டு பேரும் டாக்டர்கிட்டப் போறோம். கதவைச் சாத்தினே, வாசல்ல உட்கார்ந்து கத்துவேன். என் தொண்டை உனக்குத் தெரியும். கஷாயத்துக்குக் கடை இஞ்சி கொண்டு வர்றேன். கோவத்துல செடியைப் பிடுங்கிடாதே. அது பாட்டுக்கு நிழல்ல கிடக்குது, என்னைக் குடின்னு யாரையும் கூப்பிடலை.

நீ கேட்டதுக்குப் பதில். உட்கார்ந்து ரொம்ப யோசிச்சேன். அம்மாவுக்கு யார் காய்ச்சிக் கொடுத்தாங்கங்கிறது, அது ஒண்ணு மட்டும் எனக்கு ஞாபகம் வரலைடி.

உன் அக்கா